வெறும் கூட்டை எண்ணாதவள்

அவளைப் பற்றிச் சொல்வதென்றால் கட்டைவிரல்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். மூக்கு, கண், நிறமெல்லாம் எனக்கு இப்போது கொஞ்சம் மங்கிவிட்டது. விரல்கள் மங்கவில்லை.

பொம்மசந்திராவில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனி தொழிற்சாலைக் கழிவுநீரைப் பரிசோதிக்கிற இடம். கீழ்த்தளம் முழுக்க நாற்றம். மாடியில் ஓர் அறை மட்டும் கடலுக்கென்று இருந்தது. மங்களூர், மல்பே, கார்வார் பக்கம் படகில் போய் எடுத்த கடல்தண்ணீர் பாட்டில் பாட்டிலாக எங்களுக்கு வரும். பெங்களூரில் கடல் எங்கே இருக்கிறது என்று கேட்காத சொந்தக்காரர்கள் எனக்கு இல்லை. மலைமேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துச் சம்பளம் வாங்கிய பெண்கள் இரண்டே பேர், அவளும் நானும். கரையிலேயே தண்ணீரை வடிகட்டி, அந்த வடிதாள்களைத் தனியாக ஐஸில் வைத்து அனுப்புவார்கள். தாளில் படிந்த பச்சையை அளப்பது என் வேலை. பாட்டிலில் மிதக்கும் நுண்ணுயிர்களை, அதாவது பிளாங்டனை, மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணுவது அவள் வேலை.

அதில் டயாட்டம் என்று ஒரு பாசி உண்டு. அதற்குக் கண்ணாடியால் கூடு. உள்ளே இருக்கும் உயிர் செத்து அழுகிப் போனாலும் கூடு மட்டும் அப்படியே நிற்கும். தண்ணீர் எடுத்த உடனே பாட்டிலில் அயோடின் விட்டுவிடுவார்கள். தண்ணீர் பால் விடாத டீ மாதிரி ஆகிவிடும். அயோடின் உள்ளிருப்பதைக் கெடாமல் காக்கும், பழுப்பாகவும் காட்டும். கூட்டுக்குள் பழுப்புக் கட்டி தெரிந்தால் உயிர் இருந்த கூடு. வெறும் கண்ணாடியாகத் தெரிந்தால் காலி.

அவள் இரண்டு கையிலும் இரண்டு கவுண்டர் வைத்திருப்பாள், கட்டைவிரலால் அழுத்தினால் ஒவ்வொரு எண்ணாகக் கூடும் சின்ன இரும்புச் சாமான். உயிருள்ளது வலது கை. காலிக் கூடு இடது கை. கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமல் டிக், டிக் என்று மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாள். கரையோரக் கடல் எவ்வளவு கார்பனைப் பிடித்து வைக்கிறது, எவ்வளவைத் திருப்பி விடுகிறது என்பதுதான் எங்கள் ஆய்வின் கேள்வி. “வெறும் கூட்டுல இன்னாடி கார்பன் இருக்கப்போவுது?” என்பாள். பார்த்த மாத்திரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டுச் சாப்பிடப் போகிற ஆட்களை நான் மற்ற இடங்களில் பார்த்திருக்கிறேன். அவள் காலியை ஒருநாளும் கணக்கில் சேர்த்ததில்லை.

இந்தப் பழக்கம் மைக்ராஸ்கோப்போடு நின்றிருந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. மனுஷர்கள் பேசும்போதும் அவள் எண்ணினாள். யாரையும் பொய் சொல்கிறாய் என்று வாயைத் திறந்து சொன்னதில்லை. இடது கட்டைவிரல் மட்டும் உள்ளங்கைக்குள் ஒரு தரம் மடங்கி விரியும். ஆண்டுவிழாவில் டைரக்டர் மைக்கைப் பிடித்து “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்று உருகினார். பக்கத்து நாற்காலியில் அவள் புடவை மடிப்புக்குள் இடது விரல் மடங்கியதைப் பார்த்துவிட்டேன். குடித்துக்கொண்டிருந்த ரஸ்னா எனக்கு மூக்கு வழியாக வந்தது.

அவளைப் பெண் பார்க்க ஒருவர் வந்துவிட்டுப் போனார். மறுநாள் பஸ்ஸில் என்னாச்சு என்று கேட்டேன்.

“வேலைக்குப் போறது உங்க இஷ்டம்னாரு.”

“நல்ல மனுஷன்தானே?”

“சொல்லும்போது அவுங்க அம்மா மூஞ்சியப் பாத்துக்கினே சொன்னாரு. லெஃப்ட்டு.”

அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. ஆனால் அவளைக் கசப்பானவள் என்று நினைத்துவிடக் கூடாது. வலது விரல் மடங்கும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கேன்டீன் அம்மா ஒருநாள், “இன்னிக்கு டீ நல்லா இல்ல கண்ணு, பால் திரிஞ்சாப்ல இருக்குது, குடிக்காத” என்றாள். இவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வலது விரலை எனக்குக் காட்டி மடக்கிவிட்டு, அந்தத் திரிந்த டீயை வாங்கிக் கடைசி வாய் வரைக்கும் குடித்தாள். உண்மைக்கு அப்படியொரு மரியாதை. மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஹோசூர் ரோட்டுக் கம்பெனிகள் பலவற்றுக்கும் பொதுவான பஸ் அது. நான் பிரேசர் டவுனில் ஏறுவேன், அவள் விவேக் நகரில். அவளுக்காக ஜன்னல் சீட்டில் என் பையை வைத்திருப்பேன். வியாழக்கிழமைகளில் இயேசு கோயில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, கையில் பாதி எரிந்த மெழுகுவர்த்தியோடு ஓடிவந்து ஏறுவாள். முழுதாக எரியும்வரை நிற்க நேரமில்லையாம், அணைத்து மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் ஏற்றுவாளாம். “இயேசப்பாவுக்குத் தெரியும், எங்க எரிஞ்சா இன்னா” என்பாள்.

தணிக்கைக்கு வந்த அதிகாரி ஒருவருக்கு இந்தப் பஸ்ஸை வைத்துத்தான் மொத்த விஷயத்தையும் புரியவைத்தாள். அவர் தமிழ்க்காரர், எங்கள் அறைக்கு ஏன் இத்தனை செலவு என்கிற முகத்தோடு வந்து நின்றார்.

“காத்துல இருக்கிற கார்பன் தண்ணியில எறங்குது சார். வெயில் படுற மேல்தண்ணியில பாசி அத எடுத்து ஒடம்பு கட்டிக்குது. பாசிய ஒரு சின்னப் பூச்சி தின்னுது. பூச்சி போடுற புழுக்க கீழ எறங்குது.”

புழுக்கை என்றதும் அவர் சற்று நகர்ந்து நின்றார்.

“எங்க பஸ்ஸையே எடுத்துக்கங்க சார். சீட்டு ஃபுல்லாதான் கெளம்புறோம். பொம்மனஹள்ளியில கொஞ்சம் பேரு, எலக்ட்ரானிக் சிட்டியில பாதி பஸ்ஸு எறங்கிடும். அதே மாதிரி எறங்குற வழியிலயே பாக்டீரியா தின்னு, மூச்சு விட்டு, கார்பன மறுபடியும் தண்ணியில கலந்துடுது. கடைசி ஸ்டாப்பு பொம்மசந்திரா வரைக்கும் வர்றது நாலஞ்சு பேருதான். அதுதான் அடிச்சேத்துல தங்குறது. கரையாண்ட ஆழம் கம்மி, அதனால அங்க கொஞ்சம் கூடவே சேருது.”

“சாயங்காலம் நீங்களும் திரும்பிப் போறீங்களே?” என்று அவர் மடக்கினார்.

“போறோமே சார். மழக்காலத்துல காத்து அடிச்சா அடித்தண்ணி மேல வரும். தங்குனதுல கொஞ்சம் அப்பயும் கெளம்பிடும். ரிட்டர்ன் பஸ்ஸு.”

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கதவு சாத்தியதும் வலது விரலைக் காட்டினாள். “மெய்யாலுமே சிரிச்சாரு.”

வருஷா வருஷம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வேளாங்கண்ணி போவாள். எல்லோரும் மாதா எண்ணெயும் பொரியும் கொண்டுவருவார்கள். அவள் அதோடு ஒரு தண்ணீர் பாட்டிலில் கடலையும் மொண்டு வருவாள். அயோடின் விட்டு, ஒருநாள் படியவைத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தோளைப் பிடித்து இழுத்து லென்ஸில் கண் வைக்கச் சொல்வாள். சங்கிலி சங்கிலியாகக் கோத்திருக்கும் டயாட்டம்கள், ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் பழுப்பாக ஓர் உயிர். “பாரு, எல்லாம் ரைட்டு” என்று காதருகில் சொல்வாள். அவள் மூச்சில் புதினாத் துவையல் வாசம் வரும். அந்த நாளுக்காக இப்போது என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அவள் அப்படி வேளாங்கண்ணி போயிருந்த ஐந்து நாளில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஆடி மாதக் கடலுக்குள் படகு போவது அபூர்வம். அந்த வருஷம் காற்று அடங்கிய ஒரே ஒரு நாளில் போய் ஆறு பாட்டில் எடுத்திருந்தார்கள். அடித்தண்ணீர் மேலே வரும் காலம் அது, எங்கள் ஆய்வுக்கு அந்த ஆறுதான் உயிர். பழுப்பு பாட்டில் தீர்ந்துபோனதால் வெள்ளை பாட்டிலில் அனுப்பியிருந்தார்கள். ஊருக்குக் கிளம்புமுன் அவள் சொல்லிவிட்டுத்தான் போனாள். “வந்த ஒடனே இருட்டுல வை. ஜன்னலாண்ட வெக்காத, வெயில் பட்டா அயோடின் போயிடும்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டி வந்தது. எண்களைச் சரிபார்க்க ஜன்னல் திட்டில் ஆறையும் வரிசையாக வைத்தேன். கீழே பஸ்காரர் ஹாரன் அடித்தார். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சனி, ஞாயிறு, திங்கள் விடுமுறை. அந்த மேற்கு ஜன்னலில் மத்தியானம் முழுக்க வெயில் அடிக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் வந்து பார்த்தபோது ஆறு பாட்டிலும் குடிதண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது.

அயோடின் போன பிறகு உள்ளே என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? கடலில் நடப்பதேதான். பாக்டீரியா ஒவ்வொரு கூட்டிலும் புகுந்து தின்று மூச்சு விட்டிருக்கும். நான் வீட்டில் பூரி சுட்டுக்கொண்டிருந்த அந்த மூன்று நாளும் என் ஜன்னலில் ஒரு கடல் காலியாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் புது அயோடின் விட்டேன், டீ நிறம் வரும்வரை. அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அந்த மாதம்தான் என்னை நிரந்தரமாக்கும் கடிதம் வரவிருந்தது. காரணம் அவ்வளவுதான், அதற்குமேல் பெரிதாக ஒன்றும் கிடையாது. பயந்தாங்கொள்ளி நான்.

அவள் வந்தாள், பொரி கொடுத்தாள், எண்ண உட்கார்ந்தாள். இடது கை ஓயவில்லை. வலது ஒன்று என்றால் இடது பத்து. மூன்று தரம் திருப்பித் திருப்பி எண்ணினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. பஸ்ஸில் வந்து உட்கார்ந்தவள் அணைத்த மெழுகுவர்த்தியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அந்த ஆறு பாட்டிலும் வந்ததும் எங்க வெச்ச?”

“கபோர்டுலதான்.”

“கலர் புதுசா இருக்குதுடி. அதான் கேக்கறேன். ஏதானா ஆச்சா? ஆயிருந்தா சொல்லு, பாட்டில் கெட்டுச்சுன்னு எழுதிட்டுப் போறேன். யாரு எவருன்னு எழுத மாட்டேன்.”

நான் சொல்லிவிடக் கதவைத் திறந்தே வைத்துக் கேட்டாள். உள்ளே ஒரு எட்டு வைத்தால் போதும்.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

ஒருவர் பேசி முடித்ததும் அவள் விரலைப் பார்ப்பது என் வழக்கம். அன்று பார்க்கவில்லை. வெளியே ஆடுகோடி சிக்னலில் பூ விற்கிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் மேனேஜர் எங்கள் இருவரையும் அழைத்தார். வடிதாளில் நான் அளந்த பச்சை எக்கச்சக்கமாக இருந்தது. இருக்கத்தானே செய்யும், தாள்கள் ஐஸில் பத்திரமாக வந்தவை. அதே கடல், அதே நாள், அவள் கணக்கில் எல்லாம் காலி. அவர் என் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

“உங்க ஃபிரெண்டு நம்பரைப் பாருங்கம்மா. இவ்ளோ பச்சை இருக்கு. நீங்க காலிங்கறீங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுக்கங்க. கூடு, உயிரு எல்லாம் சேத்துப் போட்டுடுங்க, சரியா வந்துடும்.”

“பாக்காதத எப்பிடி சார் எழுதறது?”

“அப்போ உங்க கண்ணுலதான் ஏதோ இருக்கணும். ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டுங்க.”

அவர் கெட்ட மனுஷர் இல்லை. இரண்டு எண்ணும் ஒத்துவராவிட்டால் யாராக இருந்தாலும் அதைத்தான் நினைப்பார்கள். அந்த அறையில் பதில் தெரிந்த ஒரே ஆளான நான் எதிர்நாற்காலியில் உட்கார்ந்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு பாட்டில் கணக்கையும் தள்ளிவைத்துவிட்டு அறிக்கை போயிற்று. ‘எண்ணியவரின் பார்வைப் பிழை’ என்று அடிக்குறிப்பு. எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. அவள் எங்கள் பகுதியில்தான் கண் டாக்டரிடம் வந்தாள், துணைக்கு என்னையே கூட்டிப் போனாள். டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். வெளியே வந்து படியில் நின்று, “சும்மா சொல்றாரோ?” என்று என்னைக் கேட்டாள். வலதா இடதா என்று தானே தீர்மானிப்பவள், என்னைக் கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பன் வாங்கிச் சாப்பிடலாமா என்று கேட்டேன்.

அதன்பிறகு எண்ணும்போது பாதியில் நிறுத்துவாள். லென்ஸைத் துடைப்பாள், மறுபடி துடைப்பாள். “இது காலிதானே? நீ ஒரு தரம் பாரேன்” என்பாள். நான் குனிந்து பார்த்து ஆமாம் என்பேன். சந்தேகத்தோடு அவள் காலி என்ற ஒவ்வொன்றும் காலியாகவே இருந்தது. ஆண்டுவிழா மறுபடி வந்தது, டைரக்டர் மறுபடி குடும்பம் என்றார். ஆவலோடு அவள் கையைப் பார்த்தேன். இரண்டு விரலும் சும்மா இருந்தன.

சீக்கிரமே வேலையை விட்டுவிட்டாள். கடைசி நாளில் இரண்டு கவுண்டரையும் என் மேசையில் வைத்தாள். “நீயே வெச்சுக்கோ. எனக்கு இனிமே எதுக்கு?” என்றாள். சாயங்காலம் விவேக் நகரில் இறங்கினாள், திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். சில மாதம் கழித்துத் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வேறு யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். “அவுங்க காலி பண்ணிட்டாங்களே, தங்கவயல் பக்கம் அவுங்க மாமா வூட்டாண்ட போறதா சொன்னாங்க” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கடையில் ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்பிவந்தேன்.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. கடல் அறை இப்போது என் பொறுப்பில். எண்ணுவதும் நானேதான், இரண்டு கையிலும் அவள் கவுண்டர். ஜன்னல் சீட்டில் இன்னும் பையை வைத்துவிடுகிறேன், யாராவது கேட்டால் எடுத்துக்கொள்கிறேன். அவளுக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போனில் வாழ்த்து எழுதி, அதன் கீழே உண்மையையும் எழுதி, உண்மையை மட்டும் அழித்துவிட்டு வாழ்த்தை அனுப்புவேன். முதல் இரண்டு வருஷம் ‘உனக்கும்’ என்று பதில் வந்தது. பிறகு வரவில்லை.

போன மாதம் பழைய காகிதங்களைக் கழிக்கச் சொன்னார்கள். அலமாரியைக் காலி செய்யும்போது அவளுடைய எண்ணிக்கைத் தாள்கள் கிடைத்தன. அந்த ஆறு பாட்டிலின் தாளும் இருந்தது. அறிக்கைக்குப் போனது தட்டச்சுப் பிரதிதான், மூலத்தை யாரும் பார்த்ததில்லை. கடைசிக் கட்டத்தில், குறிப்பு எழுதும் இடத்தில், பென்சிலால் தமிழில் அவள் கையெழுத்து.

‘கலர் புதுசு. பாட்டிலில் ஏதோ நடந்திருக்கிறது. இவளைக் கேட்க வேண்டும்.’

அதற்குக் கீழே, வேறொரு நாள் எழுதியது.

‘கேட்டேன். ஒண்ணுமில்லை என்றாள். அப்படியானால் என் கண்தான்.’

அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உலகத்தில் ஒருத்தர் வார்த்தையையும் விடாமல் உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்த்தவள். என் வார்த்தையை மட்டும் பார்க்காமலே வலது கையில் எண்ணிவிட்டாள். தன் கண்ணைவிட என்னை நம்பினாள். ஆறு வருஷமாக, சந்தேகப்பட்டிருப்பாள், தெரிந்துகொண்டே மன்னித்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் காலிக் கூடு.

பழைய அறிக்கையைத் திருத்த ஒரு படிவம் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் நடந்ததை எழுதி என் பெயரைப் போட்டேன். இப்போதைய மேனேஜர் சின்ன வயசுக்காரர், “யாரும் பாக்காத ரிப்போர்ட்டு மேடம், எதுக்கு வம்பு?” என்றார். போடுங்கள் என்றேன். விசாரணைக்கு எழுதியிருக்கிறார்கள். நடக்கட்டும். அடிக்குறிப்பிலிருந்து ‘பார்வைப் பிழை’ போய்விட்டது.

திருத்திய பக்கத்தைப் படமெடுத்து அவளுடைய பழைய எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கீழே எழுதினேன்: ‘பாட்டிலை ஜன்னலில் வைத்தது நான். அயோடின் விட்டு மறைத்ததும் நான். உன் கண்ணில் எந்தத் தப்பும் இல்லை. நீ பார்த்தது எல்லாம் சரி.’ இந்த முறை எதையும் அழிக்கவில்லை.

மூன்று வாரம் ஒற்றை டிக்காகவே இருந்தது. எண் செத்துவிட்டது என்று நினைத்தேன். இன்று வியாழக்கிழமை, விவேக் நகரில் கோயில் கூட்டத்துக்காகப் பஸ் நின்றபோது பழக்கதோஷத்தில் போனை எடுத்துப் பார்த்தேன். இரண்டு டிக் ஆகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் நீலமாயின.

பதில் வரவில்லை. எங்கேயோ இந்நேரம் ஒரு கட்டைவிரல் மடங்கியிருக்கும். பொம்மனஹள்ளியில் சிலர் இறங்கினார்கள், எலக்ட்ரானிக் சிட்டியில் பாதிப் பஸ் இறங்கியது. எந்தக் கை என்று தெரியாமல், போனைக் கையில் பிடித்தபடி, நான் கடைசி ஸ்டாப் வரை வந்து சேர்ந்தேன்.